பன்னிரண்டு வயதுவரை சாம்பியன் கிடையாது

நார்வேயில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் கால்பந்து ஆடினால் அணிக்கு மூன்று பேர்தான். சின்னத் திடல், சின்ன கோல். ஓர் அணி நான்கு கோல் முன்னால் போய்விட்டால், பின்தங்கிய அணி வெளியே நிற்கும் இன்னொரு பிள்ளையையும் உள்ளே இறக்கிக்கொள்ளலாம். மூவருக்கு எதிராக நால்வர் ஆனதும் ஆட்டம் மறுபடி சூடு பிடிக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு யார் ஜெயித்தார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது. புள்ளி அட்டவணையும் கிடையாது, 'டாப் ஸ்கோரர்' விருதும் கிடையாது. பரிசு என்று ஒன்றைக் கொடுத்தால் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும்.

இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் ஜெயிக்கிற வெறி எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான். நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அதைவிட அதிகம் பேர் வாழ்கிறார்கள். அந்த நாடு 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கம் வென்றது. 2022 பெய்ஜிங்கில் வென்ற தங்கம் மட்டும் 16; ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை வேறெந்த நாடும் அத்தனை தங்கம் வென்றதில்லை. பனி விழும் நாடு, அதனால் ஜெயிக்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 46 வினாடிக்குள் ஓடிய முதல் மனிதர் கார்ஸ்டன் வார்ஹோல்ம் நார்வேக்காரர். 2024 பாரிஸில் மகளிர் ஹேண்ட்பால் தங்கமும் அங்கேதான் போனது.

அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு குழந்தைகளின் விளையாட்டுக்கென்றே தனி விதிகளை 1987இல் நிறைவேற்றியது. 2007இல் அவற்றைத் திருத்தி, குழந்தைகளின் உரிமைகள் என்ற ஒரு பட்டியலையும் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் எல்லோருக்கும், எல்லா விளையாட்டுகளிலும் இவை பொருந்தும். சின்ன வயதில் போட்டிகள் சொந்த ஊருக்குள் மட்டும். ஒன்பது வயதில் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகலாம். பதினொன்றுக்கு முன்னால் தரவரிசை கூடாது. பன்னிரண்டு முடியும்வரை தேசிய சாம்பியன் போட்டிகளுக்கு இடமே இல்லை. எந்த விளையாட்டு, எத்தனை விளையாட்டு, போட்டியில் இறங்குவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் அதன் பேச்சுக்கு இடம் உண்டு. இவையெல்லாம் சுவரில் ஒட்டி வைக்கும் அறிவுரைகள் அல்ல, மீறும் கிளப்புகளின் அரசு மானியம் நின்றுபோகலாம்.

விதி வந்த மறு ஆண்டே சோதனையும் வந்தது. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வேக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. பனிச்சறுக்கைத் தங்கள் அடையாளமாகவே கருதும் மக்களுக்கு அது பெரிய அடி. இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலான நாடுகள் எட்டு வயதிலேயே திறமைசாலிகளைத் தேடிப் பிடித்து விடுதியில் அடைக்கத் தொடங்கிவிடும். நார்வேயிலும் கடிவாளத்தை இறுக்கினார்கள், ஆனால் உச்சியில் மட்டும். எல்லா விளையாட்டுகளின் முன்னணி வீரர்களையும் பயிற்சியாளர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவரும் 'ஒலிம்பியாடோப்பன்' அமைப்பு அந்தத் தோல்விக் காலத்தை ஒட்டி எழுந்ததுதான். குழந்தைகள் விதியை மட்டும் யாரும் தொடவில்லை. 1994இல் லில்லஹாமரில், சொந்த மண்ணில், 10 தங்கம் உட்பட 26 பதக்கங்கள் வந்தன.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் மனித உடல் வளரும் விதத்தைப் பற்றிய தெளிவு இருக்கிறது.

ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களை வரிசையாக நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், தோள் விரிந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் அவன் நெஞ்சளவுதான் இருப்பான், குரல்கூட உடைந்திருக்காது. இருவருக்கும் வயது பதின்மூன்று. பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதையொட்டியும், ஆண் பிள்ளைகள் பதினான்கையொட்டியும் கிடுகிடுவென்று உயர்கிறார்கள். ஆனால் அது சராசரி மட்டுமே. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சிக்கு இடையே சில ஆண்டுகள் வித்தியாசம் இருப்பது சகஜம். பி.டி. வாத்தியார் மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது மீசை அரும்பியவனைத்தான் எடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு ஜெயிக்கக்கூடியவன் அவன்தான். ஆனால் அந்த ஒரு தேர்வோடு அவனுக்கு நல்ல ஷூ, நல்ல பயிற்சியாளர், அதிகப் போட்டிகள் எல்லாம் கிடைக்கின்றன. மற்றவனுக்குக் கிடைப்பது 'எனக்கு விளையாட்டு வராது' என்ற எண்ணம். நான்கு வருடம் கழித்து அவன் அந்த மீசை அரும்பியவனைவிட உயரமாக வளர்ந்து நிற்கலாம். அதற்குள் அவன் மைதானத்தை விட்டே போயிருப்பான்.

வளர்ச்சி பிந்துவதுகூட வேண்டாம், பிறந்த மாதமே போதும் ஒரு பிள்ளையை ஓரங்கட்ட. கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் 1980களில் இளைஞர் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார்கள் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர் மனைவி பாலாவும். கையிலிருந்த நிகழ்ச்சிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பாலாவுக்கு வீரர்களின் பிறந்த தேதிகள் உறுத்தின. பெரும்பாலானோர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள். பார்ன்ஸ்லியும் சகாக்களும் கணக்கெடுத்தபோது மேல்மட்ட ஹாக்கி முழுவதிலும் அதே சாய்வு தென்பட்டது. கனடாவில் வயதுப் பிரிவின் எல்லை ஜனவரி 1. ஒன்பது வயது அணிக்கு ஆள் எடுக்கும்போது ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பர் பிள்ளையைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தது. அந்த வயதில் ஓராண்டு என்பது மலையளவு வித்தியாசம். திறமை என்று நினைத்துப் பொறுக்கி எடுத்ததில் ஒரு பகுதி வெறும் பிறந்தநாள்தான் என்று 1985இல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டிக்கொடுத்தது. பிறகு எத்தனையோ நாடுகளில், கால்பந்து உட்படப் பல ஆட்டங்களில், இதே கதை திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது.

இந்தப் புரிதலை ஒரு திட்டமாக வடித்தவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி. பிறந்த தேதியைப் பார்த்துப் பயிற்சி கொடுக்காதீர்கள், உடல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக் கொடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். முதலில் வெறும் ஓட்டமும் விளையாட்டும். பிறகு ஓடுதல், தாண்டுதல், எறிதல், நீந்துதல் போன்ற அடிப்படைத் திறன்கள். பிறகு பயிற்சி செய்யக் கற்றல். உடல் வளர்ந்து முடியும் கட்டத்தில்தான் கடினமான பயிற்சியும் ஜெயிப்பதற்கான தயாரிப்பும். கடைசிப் படி வாழ்நாள் முழுக்க உடலை அசைத்துக்கொண்டிருப்பது. கனடா 2005 முதல் இதைத் தேசிய அளவில் கையில் எடுத்தது. குறையே இல்லாத மாதிரி என்று சொல்ல முடியாது. வேகத்துக்கு இந்த வயது, தாங்குதிறனுக்கு அந்த வயது என்று அது திறக்கும் குறிப்பிட்ட சாளரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உடலியல் ஆய்வாளர்கள் பிற்பாடு விமர்சித்தார்கள். விமர்சனம் சரியானது. ஆனாலும் அவசரப்படாதே என்ற அதன் அடிப்படை அசையவில்லை.

2022இல் ஆர்னே கூலிச் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் சகாக்களும் 6,000க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் பயிற்சி வரலாறுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உலகத் தரத்துக்குப் போனவர்களைத் தேசிய அளவோடு நின்றவர்களுடன் ஒப்பிட்டார்கள். உலகத் தரத்தினர் சிறு வயதில் பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள், தங்கள் முதன்மை ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருந்தார்கள். இளையோர் பிரிவில் கொடிகட்டிப் பறந்தவர்களின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருந்தது: சீக்கிரம் தொடங்கினார்கள், ஒரே ஆட்டத்தில் அதிகமாக உழைத்தார்கள், சீக்கிரம் உயர்ந்தார்கள். பதினான்கு வயதில் ஜெயிக்க வைப்பதும் இருபத்தைந்தில் ஜெயிக்க வைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

வார்ஹோல்மையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல், பதினேழு வயதில், டொனெட்ஸ்கில் நடந்த உலக இளையோர் தடகளத்தில் அவர் வென்ற தங்கம் ஆக்டத்லானில்: ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று இரண்டு நாளில் எட்டுப் போட்டிகள். தடை ஓட்டம் மட்டுமே இனி என்று அவர் ஒதுங்கியது அதற்கும் பிறகுதான். 2021 ஆகஸ்ட் 3 அன்று டோக்கியோவில் அவர் 45.94 வினாடியில் ஓடி முடித்தபோது தன் உலக சாதனையையே முக்கால் வினாடிக்கு மேல் குறைத்திருந்தார்.

கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த பிரூனே, ஸ்டாவங்கருக்குத் தெற்கே விவசாய நிலங்கள் சூழ்ந்த சிற்றூர். அங்கே ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் ஒரே குழுவாகப் பயிற்சி செய்தார்கள். ஹாலண்ட் அவர்களில் பெரும்பாலானோரைவிட ஒரு வயது இளையவர். அப்போது அவர் உயரமானவரும் இல்லை; இன்று பார்க்கும் அந்த ஆகிருதி பதினைந்து வயதுக்குமேல் வந்தது. ஹேண்ட்பால், தடகளம், பனிச்சறுக்கு என்று பலவற்றிலும் கால் வைத்தார். ஊரில் கூரையிட்ட கால்பந்து அரங்கம் ஒன்று இருந்தது. பயிற்சி இல்லாத நேரங்களில் பயிற்சியாளரோ விசில் சத்தமோ இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே அணி பிரித்து ஆடினார்கள். நல்லவன், சுமாரானவன் என்று யாரையும் நிரந்தரமாகப் பிரித்து வைக்கவில்லை. நார்வே விளையாட்டு உலகில் எல்லோர் வாயிலும் இருக்கும் வாசகம் ஒன்று உண்டு: எவ்வளவு பேரை முடியுமோ அவ்வளவு பேரை, எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம். அந்தப் பிரூனே குழு விளையாட்டு உளவியல் ஆய்வுக் கட்டுரைக்கே பொருளானது. பதின்ம வயதில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக விலகும் விளையாட்டில், இந்தக் குழு பதினாறு வயதுவரை கலையாமல் நின்றது. அதிலிருந்து ஆறு பேர் தொழில்முறை வீரர்கள் ஆனார்கள். ஒரு சிற்றூருக்கு இது நம்ப முடியாத விகிதம். பத்து வயதில் பொறுக்கி எடுத்திருந்தால் அந்த ஒல்லிப் பையன் பட்டியலில் இருந்திருப்பானா என்பது சந்தேகமே.

நார்வேயிலேயே இதற்கு மாறான உதாரணமும் இருக்கிறது. ஜேகப் இங்கபிரிக்ட்சன் சிறுவயதிலிருந்தே தந்தையின் கட்டுக்கோப்பான பயிற்சியில் ஓட்டப்பந்தய வீரராகவே வளர்ந்தவர். பதினேழு வயதில் ஐரோப்பிய சாம்பியன். பிறகு டோக்கியோவில் 1,500 மீட்டரிலும் பாரிஸில் 5,000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம். எனவே சீக்கிரம் தொடங்கினால் உச்சிக்குப் போகவே முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. போகலாம். ஆனால் அதே வழியில் புறப்பட்டுப் பாதியில் முழங்கால் வலியோடும் மனச் சோர்வோடும் நின்றுபோனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இத்தனையும் சும்மா நடந்துவிடவில்லை. அரசுக்குச் சொந்தமான சூதாட்ட நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங்கின் உபரியில் பெரும்பங்கு விளையாட்டுக்குப் போகிறது. பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத அப்பா அம்மாக்கள். அணியின் பயணச் செலவுக்காகப் பெற்றோரும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய் டாய்லெட் பேப்பர் கட்டுகளை விற்பது அங்கே எல்லா ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி. 'பூவா' என்ற பெயரில் நாடு முழுக்க இரவல் நிலையங்கள் இருக்கின்றன. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோலப் பனிச்சறுக்குப் பலகை, ஸ்கேட் காலணி, ஹெல்மெட் எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் எடுத்துப்போய்த் திருப்பித் தரலாம்.

அப்படியும் ஓட்டை இருக்கிறது. கிளப் கட்டணமும் உபகரண விலையும் ஏறிக்கொண்டே போவது அங்கே பெரிய விவாதம். ஒஸ்லோவின் வசதியான மேற்குப் பகுதிப் பிள்ளைகள் கிளப்புகளில் சேரும் அளவுக்குக் கிழக்குப் பகுதிப் பிள்ளைகள் சேர்வதில்லை. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பெண் பிள்ளைகள்தான் மிகக் குறைவாக வருகிறார்கள் என்று அந்நாட்டு ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கிழக்கே குரூருட்டாலன் பள்ளத்தாக்கில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. பிள்ளையை மாலையில் கூட்டிப்போய், காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை போட்டியில் காப்பி விற்கும் மேசையில் நிற்கப் பெற்றோருக்கு நேரம் வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் வீட்டில் அந்த நேரம் இல்லை. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று விதியில் எழுதிவிடலாம், கதவுவரை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலை.

இங்கே இந்தியாவில் நிலைமை வேறு. பதினான்கு வயதில் கிடைக்கும் ஒரு சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடமாகவும், நாளைக்கு ஒரு வேலையாகவும் மாறக்கூடிய நாடு இது. ஏழைக் குடும்பத்துக்கு அது உயிர்மூச்சு. அதனால்தான் வயதைக் குறைத்துக் காட்டும் முறைகேடு நம் இளையோர் விளையாட்டை விடாமல் பிடித்து ஆட்டுகிறது. கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பையன்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. முறைகேட்டைத் தடுக்க வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகளின் எலும்பு ஒரே வேகத்தில் முதிர்வதில்லை என்பதால், சீக்கிரம் வளர்ந்த நேர்மையான பையனும் அந்த எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்ளக்கூடும். சின்ன வயதுப் பதக்கத்தின் மேல் இவ்வளவு பெரிய விலையை ஒட்டி வைத்திருக்கும்வரை ஏமாற்றும் நிற்காது, அதைப் பிடிக்கும் கருவியின் பிழையும் நிற்காது. நல்ல அறிகுறி இல்லாமல் இல்லை. தடகளச் சம்மேளனம் மாவட்டங்களுக்கு இடையே நடத்தும் இளையோர் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோருக்கு ஓட்டத்தோடு தாண்டுதலையும் சேர்த்து மும்முனைப் போட்டி வைக்கிறது. பிள்ளையை ஒரே கட்டத்துக்குள் அடைக்காத ஏற்பாடு அது.

யாரையும் விடாமல் சேர்ப்பது என்ற பேச்சு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளிடம் வரும்போதுதான் உண்மையில் சோதிக்கப்படுகிறது. பார்வையற்ற நார்வே இசைக்கலைஞர் எர்லிங் ஸ்டூர்டால் 1964இல் பைத்தோஸ்டோலன் என்ற மலையூரில் பார்வையற்றோருக்கான பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டு இணைத் தடங்கள். ஒன்றில் போட்டியாளர், மற்றதில் பார்வையுள்ள துணைவர். 'இடது வளைவு', 'இறக்கம்' என்று அவர் குரல் கொடுக்கக் கொடுக்க இவர் சறுக்கிப் போவார். அந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது. 1975இல் அமெரிக்காவிலும் அதே பாணியில் ஒன்று தொடங்கியது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நார்வே மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் சம்மேளனத்தைக் கலைத்து, அந்தந்த விளையாட்டுச் சம்மேளனமே எல்லா வீரர்களையும் கவனிக்க வேண்டும் என்று மாற்றியது.

கனடாக்காரர்கள் பாலியின் படிகளை மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தபோது, தொடக்கத்தில் இரண்டு படிகள் விடுபட்டிருப்பதைக் கண்டுகொண்டார்கள். ஒன்று, இப்படி ஒரு விளையாட்டு உனக்காக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் தெரிய வருவது. இரண்டு, முதல்முறை மைதானத்துக்கு வரும்போது கிடைக்கும் வரவேற்பு. மற்றப் பிள்ளைகள் தெருவில் பந்தை உதைத்தே இந்த இரண்டையும் தாண்டிவிடுகிறார்கள். ஊன்றுகோலோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யாராவது வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்குச் சொன்னவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்துபோன வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போன பையனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார் அவர். மாரியப்பனின் முதல் போட்டிகளில் எதிரே நின்றவர்கள் ஊனம் இல்லாத பையன்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அதே பாரிஸில் பாட்மிண்டனில் தமிழ்நாட்டுப் பெண்கள் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாசும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றார்கள்.

ஆனால் பல பள்ளிகளில் பி.டி. பீரியட் என்றால் மாற்றுத்திறனாளிப் பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்வது இன்றும் வழக்கமாக இருக்கிறது. இதை மாற்றப் பெரிய அரங்கம் தேவையில்லை. உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது இடுப்புப் பகுதி தரையை விட்டு எழக்கூடாது என்பது முக்கிய விதி. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, கோட்டைக் கிழித்து, மொத்த வகுப்பையும் தரையில் உட்கார வைத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். வேகமாக ஓடுகிற பிள்ளைக்கும் அதில் நகரவும் கையை ஊன்றவும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். செயலிழந்த காலோடு பல வருடம் தரையில் கையூன்றி நகர்ந்த பிள்ளை அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.